மைதானத்துக்கு மேலே பறக்கும் மஞ்சள் தட்டான்கள் நிஜமாகவே ஆப்பிரிக்காவுக்குப் போகின்றனவா?

மாடித்தோட்டம்_மதுரை

வணக்கம். எங்கள் தெருமுனைப் பள்ளி மைதானத்தில் அக்டோபர் பிறந்ததிலிருந்து சாயங்காலமானால் மஞ்சள் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, எதிலும் உட்காராமல், ஒன்றோடொன்று இடிக்காமல், போவதும் திரும்புவதுமாக. அம்மா பார்த்துவிட்டு "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று கொடியில் கிடந்த துணியை எடுத்துவிட்டார். மழையும் வந்தது, அது வேறு விஷயம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு ஃபார்வர்டு போட்டிருக்கிறார்: இவை கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகிற வழியில் இங்கே தங்குகின்றனவாம், ஒவ்வொன்றும் தினம் ஆயிரம் கொசு தின்னுமாம். இதில் எது நிஜம், எது கதை? பூச்சி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளத்தங்கரை

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பந்தாலா ஃபிளாவெசென்ஸ். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் 1798இல் பெயர் வைத்தது. உடம்பு நாலரை சென்டிமீட்டர், எடை சுமார் 0.3 கிராம். மற்ற தட்டான்கள் பலவும் குச்சி நுனியிலோ கம்பியிலோ உட்கார்ந்து, பாய்ந்து இரையைப் பிடித்து, திரும்ப அதே இடத்துக்கு வரும். இது அப்படி இல்லை, பகல் முழுக்கக் காற்றிலேயே இருக்கும். ஓய்வெடுக்கும்போதும் கிளையில் செங்குத்தாகத் தொங்கும். பின் இறக்கையின் அடிப்பகுதி நல்ல அகலம். சிறகடிக்காமல் மிதப்பதற்கு அது வசதி.

ஆப்பிரிக்கா விஷயம் கதை இல்லை. இந்தியாவிலிருந்து மாலத்தீவு, சீஷெல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா, பிறகு தென்மேற்குப் பருவக்காற்றோடு இந்தியா. போய்வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஆனால் ஒரே தட்டான் போய்த் திரும்புவதில்லை. நாலு தலைமுறை சேர்ந்து ஒரு சுற்றை முடிக்கின்றன.

கொசு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கணக்கு_வாத்தியார்

மன்னிக்கவும், எனக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. 0.3 கிராம் பூச்சி, திறந்த கடல், 3000 கிலோமீட்டர் தூரம். யார் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள்? பறவைக்கு வளையம் மாட்டுகிறார்கள், சாட்டிலைட் கருவி கட்டுகிறார்கள். தட்டானுக்கு என்ன கட்டினார்கள்? நூலா? சின்ன வயதில் நாம் எல்லோரும் கட்டியதுதான்.

குளத்தங்கரை

நல்ல கேள்வி சார். நேரடியாகவே சொல்கிறேன்: ஒரு பந்தாலாவை இந்தியாவில் கருவியோடு விட்டு ஆப்பிரிக்காவில் பிடித்தார்கள் என்பதல்ல இதற்கான ஆதாரம். அமெரிக்காவில் பச்சைத் தட்டான் ஒன்றுக்கு ரேடியோ கருவி ஒட்டிப் பின்தொடர்ந்திருக்கிறார்கள், 2006இல் வெளிவந்த ஆய்வு. கருவியின் எடை 0.3 கிராம். அந்தத் தட்டான் 1.2 கிராம், அதனால் தாங்கியது. நம் பந்தாலாவின் எடையே 0.3 கிராம்தான். அதன் முதுகில் அதன் எடையையே ஏற்ற முடியாது. அதனால் இந்த வழக்கு சாட்சியால் நிற்கவில்லை, தடயங்களால் நிற்கிறது.

முதல் தடயம் மாலத்தீவு. சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் அங்கே வசித்தவர். அவர் வேலை மீனும் திமிங்கிலமும், தட்டான் அல்ல. ஆனால் ஆண்டுதோறும் அக்டோபரில் தலைநகர் மாலேயில் தட்டான்கள் வந்து குவிவதைப் பார்த்துவிட்டுத் தேதி எழுதி வைக்க ஆரம்பித்தார். 2009இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

மாலே_டீச்சர்

நடுவில் வருகிறேன். நான் மாலத்தீவில் பள்ளி ஆசிரியை, ஊர் நாகர்கோவில். இங்கே அக்டோபர் பாதிக்கு மேல் ஒரு நாள் காலையில் பள்ளி வளாகம் முழுக்கத் தட்டான் இருக்கும். முந்தின நாள் ஒன்றுகூட இருந்திருக்காது. பவளத் திட்டில் எழும்பிய தீவு இது. மழைத் தண்ணீர் மணலில் விழுந்ததும் இறங்கிவிடும். ஃபுவாமுலா மாதிரி ஓரிரு தீவுகளை விட்டால் நன்னீர்க் குளம் என்று காட்ட ஒன்றும் கிடையாது. தட்டானோ தண்ணீரில் பிறக்கிற ஜீவன். அப்படியென்றால் அத்தனையும் எங்கிருந்து வந்தன? வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். இங்கே பிள்ளைகளுக்கு அவை வந்தால் வடகிழக்குக் காற்று வரப்போகிறது என்று தெரியும். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் குறைந்துவிடும், அப்புறம் அடுத்த கூட்டம்.

குளத்தங்கரை

நன்றி டீச்சர், இதைத்தான் சொல்ல வந்தேன். ஆண்டர்சன் கோத்த தேதிகளில் ஒரு வரிசை தெரிந்தது. தென்னிந்தியாவில் முதலில், அக்டோபரில் மாலே, நவம்பரில் மாலத்தீவின் தென்கோடித் தீவுகளும் சீஷெல்சும், டிசம்பரில் சீஷெல்சின் தென்மேற்குக் கோடியில் உள்ள அல்டாப்ரா. வடக்கிலிருந்து தெற்கே, தெற்கிலிருந்து மேற்கே நகர்கிற வரிசை. கப்பலில் தொற்றிக்கொண்டு வந்திருந்தால் இப்படி ஆண்டுக்காண்டு ஒழுங்காக வராது.

இதில் எனக்குப் பிடித்த முடிச்சு ஒன்று உண்டு. அக்டோபரில் மாலேயில் தரைமட்டத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அதாவது தட்டான்கள் எதிர்க்காற்றில் வந்து சேர்கின்றன. கன்னியாகுமரியிலிருந்து மாலே 600 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை சின்னப் பூச்சியால் எதிர்க்காற்றில் அத்தனை தூரம் முடியாது. விடை மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் அதே நேரத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. நிலநடுக்கோட்டு மழைமேகப் பட்டை அந்த மாதங்களில் தெற்கே இறங்கும், அதன் பின்னால் இந்தக் காற்று. தட்டான்கள் அந்த உயரத்தில் ஏறிக்கொள்கின்றன என்பது ஆண்டர்சன் கருத்து. இமயமலையில் 6,200 மீட்டர் உயரத்தில் இந்த இனத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் உயரம் அதற்குப் புதிதல்ல.

கணக்கு_வாத்தியார்

சரி, மாலத்தீவுக்கு வெளியிலிருந்து வருகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தியாவிலிருந்துதான் என்பதற்கு என்ன ஆதாரம்? இலங்கையிலிருந்து வரக்கூடாதா? இன்னொன்று, எரிபொருள் கணக்கு யாராவது போட்டார்களா?

ஆய்வகத்து_எலி

இரண்டுக்கும் பதில் இருக்கிறது சார். முதலில் ஊர் எது என்பது.

மழைத் தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜனோடு டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனும் கொஞ்சம் இருக்கும். அதன் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். கடலோர மழையில் ஒரு அளவு, உள்நாட்டில், மலையடிவாரத்தில் வேறு அளவு. தட்டான் குஞ்சு எந்தக் குட்டையில் வளர்ந்ததோ அந்தத் தண்ணீரின் விகிதம் அதன் இறக்கையில் பதிந்துவிடும். இறக்கை ஒருமுறை உலர்ந்து விரிந்தால் அதற்கப்புறம் புதுப்பொருள் அதில் சேராது. 2012இல் மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறக்கையை ஆராய்ந்தார்கள், ஆண்டர்சனும் அந்தக் குழுவில் இருந்தார். பெரும்பாலானவற்றின் விகிதம் மாலத்தீவோடும் பொருந்தவில்லை, தென்னிந்தியாவோடும் பொருந்தவில்லை. வட இந்தியாவோடு, அதற்கும் வடக்கே உள்ள பகுதிகளோடுதான் பொருந்தியது.

ஆக, மதுரை மைதானத்தில் பறப்பவை மதுரைக் கண்மாயில் பிறந்தவையாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கங்கைக் கரையில் பொரிந்தவையாகவும் இருக்கலாம்.

எரிபொருள்: ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட குழு 2021இல் போட்ட கணக்கு இது. உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்து 90 மணிநேரம் பறக்கலாம், வேகம் நொடிக்கு நாலரை மீட்டர்.

கணக்கு_வாத்தியார்

நொடிக்கு 4.5 மீட்டர் என்றால் மணிக்கு 16.2 கிலோமீட்டர். தொண்ணூறால் பெருக்கினால் 1458. மாலத்தீவிலிருந்து சோமாலியா ஏறக்குறைய 2900. பாதித்தூரம்தான் வருகிறது. மிச்சம்?

ஆய்வகத்து_எலி

மிச்சம் காற்று. அந்தக் கட்டுரையின் முடிவும் அதுதான்: சொந்த உழைப்பில் மட்டும் முடியாது, காற்று ஒத்துழைத்தால் முடியும். நிறைய தட்டான் கடலில் விழுந்து சாகும் என்பதையும் மறுக்கவில்லை. ஒரு பெண் தட்டான் நூற்றுக்கணக்கில் முட்டை போடும் இனத்துக்கு அந்த நஷ்டம் கட்டுப்படியாகிறது.

நடுக்கடலில் பசி என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இன்னும் சின்னப் பூச்சிகளும் அதே காற்றில் அடித்துக்கொண்டு போகின்றன, அவற்றைப் பிடித்துத் தின்னலாம். தட்டானைத் தின்னவும் ஆள் இருக்கிறது. சைபீரியாவிலிருந்து நாகாலாந்து வழியாக ஆப்பிரிக்கா போகும் அமுர் வல்லூறு ஏறத்தாழ அதே காலத்தில் அதே கடலைத் தாண்டுகிறது. இது சாட்டிலைட் கருவி கட்டிப் பார்த்தது, சாருக்குத் திருப்தியாக இருக்கும். வழியில் அதற்குச் சோறு இந்தத் தட்டான்கள்தான் என்பது ஆண்டர்சனின் ஊகம்.

டெல்டாக்காரன்

பேச்சு கடலுக்குப் போய்விட்டது, நான் வயலுக்குக் கூட்டிவருகிறேன். நாற்று நட்டுத் தண்ணீர் கட்டின வயலில் இந்த மஞ்சள் தட்டான் ஜோடி ஜோடியாக வரும். ஆண் முன்னால், பெண் பின்னால், ஒட்டியபடி பறந்துகொண்டே வாலைத் தண்ணீரில் தட்டித் தட்டிப் போகும். அதுதான் முட்டை விடுவது என்று தெரியும். களை எடுக்கிற சமயத்தில் பயிர்த்தாளில் அப்படியே பூச்சி மாதிரி காய்ந்த சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். என் கேள்வி: வயல் வற்றுவதற்குள் எப்படி இவ்வளவு வேகமாக வளர்கிறது? என் மகன் ஏதோ தட்டானுக்கு வருஷக்கணக்கில் ஆகும் என்று படித்தானாம்.

குளத்தங்கரை

மகன் படித்ததும் சரிதான் அண்ணே. குளிர் நாடுகளில் மலையோடைத் தட்டான்கள் சிலவற்றுக்கு ஐந்து வருஷம்கூட ஆகும். பந்தாலா நேர் எதிர். மழையில் தேங்கின குட்டையைத் தேடிப்பிடித்து முட்டை விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆறு முதல் ஒன்பது வாரத்தில் இறக்கையோடு வெளியே வந்துவிடும். குட்டையில் மீன் வருவதற்குள், தண்ணீர் வற்றுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். மழை எங்கே பெய்கிறதோ அங்கே போவதுதான் அதன் பிழைப்பு. இந்த நீண்ட பயணமும் அதிலிருந்துதான் வந்தது. இந்தியாவின் பெரும்பகுதியில் மழை ஓய்ந்து குட்டைகள் வற்றும் நேரத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை தொடங்குகிறது.

மாடித்தோட்டம் அம்மாவின் பழமொழிக்கும் இதுவே பதில் என்று நினைக்கிறேன். தட்டான் மழையை முன்கூட்டி அறிகிறது என்பதைவிட, மழையைக் கொண்டுவருகிற அதே காற்றில் அதுவும் வருகிறது என்பது பொருத்தம். ஈரக்காற்றில் பொடிப் பூச்சிகள் தரையோரம் திரளும், அவற்றைப் பிடிக்க அதுவும் தாழ இறங்கும். அம்மா துணியை எடுத்ததில் தப்பில்லை.

தாமரைத்தொட்டி_கோவை

டெல்டா அண்ணன் சொன்ன அந்தச் சட்டையைக் கழற்றுவதை என் தாமரைத் தொட்டியில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ராத்திரி ஒன்பதரை இருக்கும். தொட்டியில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் குச்சியில் சேற்று நிறக் குஞ்சு ஒன்று ஏறி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வந்து கால்களை இறுகப் பற்றிக்கொண்டது. வெகுநேரம் அசைவே இல்லை. அப்புறம் முதுகில் ஒரு கீறல் விழுந்து, தோள் புடைத்து, தலை வெளியே வந்தது. கண்கள் பால் கலந்த மாதிரி மங்கல். கூட்டுக்குள்ளிருந்து நாலு வெள்ளை நூல் இழுபட்டு வந்தன. அவை மூச்சுக்குழாயின் பழைய உள்தோல். பாதி உடம்பு வெளியே வந்ததும் தலைகீழாகத் தொங்கி மறுபடி ஒரு நீண்ட ஓய்வு. கால்கள் கெட்டிப்பட வேண்டும் அல்லவா? பிறகு சட்டென்று மேல்நோக்கி வளைந்து, தன் பழைய தலையையே பிடித்துக்கொண்டு, வாலை உருவி எடுத்தது. இறக்கை அப்போது கசங்கின ஈரக் காகிதம். அதற்குள் திரவம் ஏற ஏற, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடிப்பு மடிப்பாக நீண்டது. விடியும் முன் ஒரு நடுக்கம், இறக்கையை அதிரவைத்து உடம்பைச் சூடாக்குவதற்கு. வெளிச்சம் வந்ததும் போய்விட்டது. கூடு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அந்தக் கூட்டின் முகத்தைப் பாருங்கள். கீழுதடு ஒரு கரண்டி மாதிரி முகத்தை மூடியிருக்கும். உயிரோடு இருக்கும்போது அது கையாகவும் வேலை செய்யும்: கொசுப்புழு அருகில் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு பிடித்து வாய்க்குக் கொண்டுவந்துவிடும். மூச்சு விடுவதோ பின்பக்கத்தில். மலக்குடலுக்குள் செவுள். ஆபத்து என்றால் அந்தத் தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி முன்னால் பாயும்.

மாடித்தோட்டம்_மதுரை

அண்ணே, அப்படியென்றால் மாமாவின் கொசு ஃபார்வர்டு உண்மைதானா? என் தொட்டியிலும் நாலு குஞ்சு விடலாமா? டெங்கு சீசன் வேறு.

ஆய்வகத்து_எலி

ஆயிரம் என்ற எண்ணை மாமா எங்கிருந்து எடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள். தட்டான் கெட்டிக்கார வேட்டைக்காரன், அதில் சந்தேகம் இல்லை. ஹார்வர்டில் வலைக்கூண்டுக்குள் பழ ஈயை விட்டுப் பார்த்தபோது பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தப்பாமல் பிடித்தது. சிங்கத்துக்கு அதில் பாதிகூடக் கிடையாது. நாலு இறக்கையையும் தனித்தனியாக இயக்கும். இரை இப்போது இருக்கும் இடத்துக்குப் போகாது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இருக்கப்போகும் இடத்துக்குப் போகும். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் வீட்டுக்குள், கட்டிலுக்குக் கீழே, திரைமறைவில் பதுங்கும். தட்டான் வெட்டவெளியில் பறக்கிறது. இரண்டும் எங்கே சந்திப்பது?

குஞ்சு விஷயம் வேறு. மியான்மரின் யாங்கூன் நகரில் நடந்த, 1990இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் வீடுகளின் தண்ணீர்ப் பாத்திரங்களில் குரோகோதெமிஸ் செர்விலியா குஞ்சுகளை மக்களே விட்டார்கள். நம் ஊரிலும் சர்வசாதாரணமாகத் தெரியும் சிவப்புத் தட்டானின் குஞ்சுதான் அது. ஏடிஸ் நன்றாகவே குறைந்தது. ஆனால் குஞ்சுகளை வளர்த்து, திரும்பத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தாமரைத் தொட்டிக்குச் சரி. குடிதண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள், அதுதான் வேலை செய்யும்.

கேமராக்காரி

இழைக்குக் கொஞ்சம் வெளியே. என் கறுப்பு கார் பானெட்டில் தட்டான் வந்து வாலால் தட்டிவிட்டுப் போகிறது, இது என்ன கூத்து?

குளத்தங்கரை

முட்டை விடுகிறது அக்கா, காரைக் குளம் என்று நினைத்து. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். நீங்கள் லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வெட்டிவிடுகிற அதே ஒளி. தட்டான் கண்ணுக்கு அது தெரியும், தண்ணீரை அதை வைத்துத்தான் தேடுகிறது. பளபளப்பான கறுப்பு, சிவப்பு கார்கள் குளத்தைவிடத் தெளிவாக அந்த ஒளியைத் திருப்புகின்றன. ஹங்கேரியில் கறுப்புக் கல்லறைக் கற்களில் தட்டான்கள் மொய்ப்பதற்கும் இதுவே காரணம் என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2016இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிப்பு மூட்டுகிற பரிசு, ஆனால் விஷயம் சிரிப்பில்லை. அந்த முட்டை அத்தனையும் வெயிலில் வெந்துபோகிறது. வெள்ளை காராக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

டெல்டாக்காரன்

வரப்புப் புல்லில் ஊசி மாதிரி ஒல்லியாக, மஞ்சள் வாலோடு ஒன்று இருக்குமே, அதுவும் கடல் தாண்டுமா?

தாமரைத்தொட்டி_கோவை

தாண்டாது. அது ஊசித்தட்டான். நீங்கள் சொல்வது செரியாக்ரியான் கோரமண்டலியானம், அதற்கும் 1798இல் ஃபாப்ரீசியஸ்தான் பெயர் வைத்தார், நம் சோழமண்டலக் கரையை வைத்து. தட்டானுக்கு இரண்டு கண்ணும் உச்சந்தலையில் ஏறக்குறைய ஒட்டியிருக்கும், ஊசித்தட்டானுக்குத் தலையின் இரு ஓரத்தில் தள்ளி நிற்கும். உட்கார்ந்தால் பெரும்பாலானவை இறக்கையை முதுகின் மேல் மூடிவிடும். குஞ்சுக்கு வால் நுனியில் இலை மாதிரி மூன்று செவுள். முட்டையைத் தண்ணீரில் உதறாது, தண்டைக் கீறி உள்ளே செருகும். அந்த நேரத்தில் ஆண் பெண்ணின் கழுத்தைப் பிடித்தபடி விறைப்பாக நிற்கும். பாசத்தால் அல்ல. 1979இல் அமெரிக்க ஊசித்தட்டான் ஒன்றில் வாகே என்பவர் கண்டுபிடித்தார்: ஆண், சேர்க்கையின்போது முந்தின ஆணின் விந்தைத் துழாவி வெளியே எடுத்துவிட்டுத்தான் தன்னுடையதை வைக்கிறது. அடுத்தவன் வந்து அதையே தனக்கும் செய்துவிடக்கூடாது என்று காவல்.

கணக்கு_வாத்தியார்

மாலத்தீவு, இறக்கை, காற்று மூன்றும் சேர்ந்து என்னை முக்கால்வாசி சம்மதிக்க வைத்துவிட்டன. ஆப்பிரிக்காவில் இறங்குவது இந்தியத் தட்டானேதான் என்பதற்கு அங்கே பிடித்த இறக்கையை ஆராய்ந்தார்களா என்பதில்தான் மீதிக் கால்வாசி நிற்கிறது.

ஆய்வகத்து_எலி

அதற்குக் கொஞ்சம் தொட்டுக்கொள்ள மரபணு இருக்கிறது சார். 2016இல் ஆசியா, அமெரிக்கக் கண்டங்கள் என்று வெவ்வேறு இடத்துப் பந்தாலாக்களை ஒப்பிட்டார்கள். தனித்தனி நாட்டு வகையாகப் பிரிந்திருக்கவில்லை, ஒரே கூட்டம் மாதிரி கலந்திருந்தன. கண்டங்களுக்கு நடுவே போக்குவரத்து இல்லாமல் அப்படிக் கலக்காது. எந்தப் பாதையில் என்பதை மரபணு சொல்லாது, அந்தக் கால்வாசியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டம்_மதுரை

எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் எடுத்த மூன்று படம் போட்டிருக்கிறேன். மூன்றும் பந்தாலாதானா?

கேமராக்காரி

முதல் இரண்டும் பந்தாலா. மூன்றாவதை உருப்பெருக்கிப் பாருங்கள், பின் இறக்கையின் அடியில் உடம்பை ஒட்டிக் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கிறது. அது டிரேமியா என்ற வேறு தட்டான். இதே கூட்டத்தோடு சேர்ந்து பறக்கும், தூரத்தில் வித்தியாசம் தெரியாது. நாளைக்கு ஷட்டர் வேகத்தை இரண்டாயிரத்தில் ஒன்றுக்கு மேல் வைத்து, வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நின்று எடுங்கள், இறக்கை தெளிவாக வரும்.